ரோஸ் மில்க் ஆபா

ஜபீனா ஆபா இறந்துபோன செய்தி வந்தபோது நான் லீவு போட்டுவிட்டு வேலூர் லாங் பஜாரில் ஒரு கடை முன்னால் நின்றுகொண்டு, கொட்டை எடுத்த புளியில் இத்தனை கொட்டை எப்படி வந்தது என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி மாலாவின் போன் வந்தது. பின்னால் ஒரு கைவண்டிக்காரர் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். "ஸ்டெல்லாக்கா, ஆபா போய்ட்டாங்க" என்றாள் மாலா. "எங்கே, ரியாத்துக்கா?" என்று கேட்டேன். மகனிடம் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரப்போவதாக ஆபா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னாக்கா நீ... காலைல டீ குடிச்சிட்டுப் படுத்தாங்களாம், எழுந்திருக்கவே இல்ல" என்றாள். புளியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். நான் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்த கடைக்காரர், விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்.

கஸ்பாவில் இருந்த அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் ஆம்பூரிலிருந்து தையல் லைன் பெண்கள் முப்பது பேராவது வந்துவிட்டார்கள். வேலை நேரத்தில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் கிளம்பி வந்ததற்கு மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அங்கே ஒரு மூலையில் யாரோ அழுதுகொண்டே, "நம்ம ரோஸ் மில்க் ஆபா" என்றார்கள். அழுகைக்கு நடுவே சிலர் சிரித்தும் விட்டார்கள். நான் மட்டும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆபாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆபா என்றால் உருதுவில் அக்கா. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் தையல்காரியாகச் சேர்ந்து, கடைசிப் பரிசோதனை மேசையின் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். நான் அதே கம்பெனியின் தோல் பதனிடும் டேனரியில், லேபில் கெமிஸ்ட். இன்னும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். ஆபா என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் ரோஸ் மில்க் ஆபா என்று கூப்பிட்டீர்கள். அந்தப் பெயர் வந்த கதையில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் என்னுடையது. ஏழு வருடமாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்ல வார்த்தைகள் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆகவே இந்த அஞ்சலி கொஞ்சம் கோணலாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவருடைய மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிந்த ஷூ ஒவ்வொன்றும் அவர் கைக்கு வரும். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். ஒரு முறை வெளிநாட்டுக்காரர் பார்க்க வைத்திருந்த சாம்பிள் ஷூவில் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. மேனேஜர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது யார் தச்சது? எனக்கு ஆள் தெரியணும்" என்று லைன் அதிரக் கத்தினார். தைத்தவள் மாலா, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். ஆபா எழுந்து போய், மேனேஜர் கையிலிருந்த ஷூவை மரியாதையாக வாங்கி, கோணிய இடத்தில் ஒரு அம்பை ஒட்டினார். "சார், தப்பு இங்க இருக்கு. ஆளு எதுக்கு? அரை மணி நேரத்துல சரி பண்ணித் தர்றேன்" என்றார். அன்றிலிருந்து புதிதாக வருகிற பரிசோதகர்களுக்கு அவர் சொல்லும் முதல் வாக்கியம் அதுதான்: "தப்பைக் காட்டு, ஆளைக் காட்டாத." நான் டேனரிக்காரி, எங்கள் பக்கம் தப்பு நடந்தால் முதலில் ஆளைத்தான் தேடுவோம். அதனால் இந்த வாக்கியத்தை அப்போது கேலி செய்தேன்.

கணவர் இறந்த பிறகு, அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் எட்டு மாதம் வீட்டு வாசலில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. நாற்பத்தைந்து வயதில் ஆபா டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். உறவுக்காரர்கள் இதெல்லாம் இந்த வயதில் தேவையா என்றார்கள். "கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, பிரேக்கை மிதிக்க வயசு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு ஆபா, நான், மாலா, லைனில் இன்னொருத்தி என்று நாங்கள் நான்கு பெண்கள் வேலூரிலிருந்து ஆம்பூருக்கு அந்தக் காரில் போய்வந்தோம். கம்பெனி பஸ்ஸில் போனால் பஸ் நிற்கிற இடத்தில்தான் நிற்க வேண்டும். காரில் அப்படியில்லை. திரும்பும்போது பள்ளிகொண்டாவில் இறங்கி டீ குடிப்போம். முதல் நாள் டீக்கடைக்காரர் நான்கு டீ போட்டுவிட்டு, ஆண்கள் எங்கே என்று காருக்குள் எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லண்ணே, நாங்களே குடிச்சுக்குவோம்" என்றார் ஆபா. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அமிர்திக்குப் போய் அருவியில் நனைந்துவிட்டு வந்தோம். ஐம்பதை நெருங்கும் பெண்கள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஊர் சுற்றுகிற சந்தோஷம் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் வண்டிக்கு வயதாகிவிட்டது. நான்கு பேர் ஏறி, ஏ.சி.யும் போட்டால், பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும். பானெட்டைத் திறந்து பார்த்தால், இன்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. காற்றை வடிகட்டும் பிளாஸ்டிக் பெட்டியும் விரிசல் விட்டிருந்தது. ரியாத்தில் வேலை பார்க்கும் மகன் இம்ரான் போனில் ஒரே பிடிவாதம்: "அம்மி, வித்துடுங்க. ஹைவேல நடுவுல நின்னா இன்னா பண்ணுவீங்க?" ஆபா விடவில்லை. "நீ லீவுல வர்ற அன்னிக்கு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிட்டு வர்றேன். நடுவுல நின்னா அடுத்த நாளே வித்துடறேன். நிக்கலன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்து அந்தப் பந்தயத்துக்குச் சாட்சியாக இருந்தோம். பந்தயம் அவருடையது என்றாலும் பறிபோகப்போவது எங்கள் பள்ளிகொண்டா டீயும்தான்.

பீரோவுக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. இம்ரான் கல்லூரியில் படிக்கும்போது கார்ப் பைத்தியம் பிடித்து வாங்கியது. கார்க் கம்பெனி கொடுத்த காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக மாட்டும் சாமான்: பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், கூம்பு வடிவத்தில் துணி மடிப்பு வைத்த ஒரு ஃபில்டர், ரப்பர் இணைப்புகள், கிளாம்புகள், எண்ணெய்க்கு ஒரு சின்ன பாட்டில். 'இன்ஜின் நல்லா மூச்சு விடும் அம்மி, நான் மாட்டித் தர்றேன்' என்று சொல்லியிருக்கிறான். அதற்குள் விசா வந்துவிட்டது. "அவன் மாட்ட வேண்டியது. அவன் வர்றதுக்குள்ள நாம மாட்டிட்டா எப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை வாங்கி வைத்துவிட்டுப் போன பெட்டியை ஆறு வருடம் பீரோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று எப்படிச் சொல்வது?

பெட்டியைத் திறந்தால் எண்ணெய் பாட்டில் காலி. மூடி விரிந்து, எண்ணெய் கசிந்து, அட்டையில் சிவப்புக் கறையாகக் காய்ந்திருந்தது. அந்த வகை ஃபில்டரில் துணிக்கு எண்ணெய் தடவினால்தான் தூசி ஒட்டிக்கொள்ளும். கூடவே இருந்த தாளில், இதோடு கொடுத்திருக்கும் எண்ணெயைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள் என்று அச்சடித்திருந்தது. ஆபா தாளை என்னிடம் நீட்டினார். "நீ கெமிஸ்ட்டு. எண்ணெ விஷயம் உன்னோடது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் தலை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஃபில்டரை நானே எடுத்துப்போய் எண்ணெய் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கேட்டேன். கடைக்காரர், "இன்னா மேடம், ஃபில்டருக்கு எண்ணெயா? தலைக்கு வைக்கிறா மாதிரி வகிடு எடுத்து வைக்கணுமா?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரோடு சேர்ந்து சிரித்தார். என் மூக்கு நுனியில் எப்போதும் இருக்கும் கோபம் அன்றைக்கும் இருந்தது. வேறு கடையில் கேட்டிருக்கலாம். சென்னையிலிருந்து வரவழைத்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை என்று ஆபாவிடம் சொல்லியிருக்கலாம். மூன்றையும் செய்யவில்லை. இருபத்தைந்து வருடமாக எண்ணெயோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு எண்ணெயைப் பற்றி இவன் என்ன சொல்வது என்று விறுவிறுவென்று லேபுக்குப் போனேன். எங்கள் அலமாரியில் ஃபேட் லிக்கர் இருந்தது. தோலைப் பதனிட்டு முடித்ததும் அது விறைத்துப்போகாமல் மெத்தென்று இருக்க டிரம்மில் ஊற்றுகிற எண்ணெய். மீன் எண்ணெயிலிருந்து செய்வது. நூலுக்குள் நன்றாக இறங்கும், சீக்கிரம் காயாது. ஃபில்டருக்கும் அதுதானே வேண்டும்? சந்தேகம் வராமல் இருக்க, தோலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் ஒரு சிட்டிகை கலந்தேன். அட்டைப்பெட்டியில் இருந்த கறையின் நிறம் அப்படியே வந்தது. துணி மடிப்பெல்லாம் அதைத் தடவி எடுத்துக்கொண்டு போய், "கடையில கிடைச்சுது ஆபா" என்றேன். ஆபா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். "உன் கை வாசனை இதுலயும் ஏறிப்போச்சுடி" என்று சிரித்தார். டேனரிக்காரி கையில் மீன் வாசனை அடிப்பது நம் ஊரில் யாருக்கும் புதிதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒரு நாள் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. காலையிலேயே ஆபா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பேட்டரியின் ஒயரைக் கழற்றினார். பழைய பெட்டியை மூன்று போல்ட் பிடித்திருந்தது. இரண்டு வந்துவிட்டது, மூன்றாவது துருப்பிடித்து அசைய மறுத்தது. நான் சுத்தியலை எடுத்தேன். "அடிக்காதடி, அது வரும். கொஞ்சம் நேரம் குடு" என்று அதற்கு எண்ணெய் விட்டுவிட்டு, உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். டீ குடித்து முடித்ததும் போல்ட் வந்தது. காற்றை அளக்கிற சென்சார் ஒன்று பழைய பெட்டியில் இருந்தது, அதைக் கழற்றிப் புதுக் குழாயில் மாட்ட வேண்டும். அதற்குள்ளே முடி மாதிரி ஒரு கம்பி, விரல் படக் கூடாது. பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். குழாயைத் தாங்கும் பட்டைக்கு வைக்க வேண்டிய ரப்பர் மட்டும் பெட்டியில் இல்லை. ஆபா பையிலிருந்து ஷூவின் அடித்தோல் துண்டு ஒன்றை எடுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அங்கே வைத்தார். "ரப்பர் ஏமாத்தும், தோல் ஏமாத்தாது" என்றார். கிளாம்பை இறுக்கும்போது நான் பலமெல்லாம் போட்டேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும். ஜாஸ்தி இறுக்கினா நழுவிடும். கம்மியா இறுக்கினாலும் நழுவிடும். பிள்ளைங்க மாதிரிதான்."

சாவியைத் திருப்பினார். அதுவரை சளி பிடித்தது மாதிரி இருமிக்கொண்டிருந்த வண்டி, அடித்தொண்டையில் 'ஹூம்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த ஹூம் நீண்டுகொண்டே போனது. தெருவில் எல்லா வீட்டு ஜன்னலிலும் தலைகள். ஆபா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து இம்ரானுக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "யாரு மாட்டினது?" ஆபா டைப் அடிக்கத் தெரியாமல் குரலிலேயே சொன்னார்: "உங்கம்மி. கூட ஸ்டெல்லா ஆன்ட்டி." அதன் பிறகு இரண்டு வாரம் நாங்கள் ராணிகள். பள்ளிகொண்டா பக்கம் பாலத்தில் ஏறும்போது மாலா ஜன்னலை இறக்கி அந்த ஹூம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவாள்.

இரண்டு வாரமும் மழை இல்லை. அதுதான் என் அதிர்ஷ்டம், ஆபாவின் துரதிர்ஷ்டம்.

இம்ரான் வருகிற நாள் விடிந்ததே இருட்டிக்கொண்டு. விமானம் மதியம். ஆபா காலையிலேயே கிளம்பினார், துணைக்கு நான். வாலாஜா தாண்டியதும் மழை பிடித்தது. காவேரிப்பாக்கம் பக்கம் போகும்போது ரோடே தெரியவில்லை. முன்னால் போன லாரிகள் தேங்கிய தண்ணீரை வாரி எங்கள் மேல் அடித்தன. வண்டி ஒரு முறை திக்கியது. இரண்டாவது முறை திக்கியது. பிறகு ஓரமாகப் போய் நின்றுவிட்டது. நான் குடையைப் பிடிக்க, ஆபா பானெட்டைத் திறந்தார். அந்தக் காட்சியை நான் சாகிற வரை மறக்க முடியாது. ஃபில்டரிலிருந்து ரோஸ் நிறத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயைக் கழற்றினால் உள்ளேயும் அதே பால், அந்தச் சென்சார் கம்பியெல்லாம் அதே பால்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஃபேட் லிக்கரின் குணமே தண்ணீரோடு கலப்பதுதான். கலந்தால் பால் மாதிரி ஆகும். வருடா வருடம் லேபுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் செய்து காட்டுகிற சோதனை அது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, 'பாருங்கள், பாலாகிவிட்டது' என்று பெருமையாகச் சொல்வேன். நம் ஊரில் ஒரு கெமிஸ்ட் செய்யக் கூடாத தப்பு ஒன்று உண்டென்றால் அதுதான். ஆபா விரலால் அந்தப் பாலைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி விடு, ஏறி உக்காரு, நனையாத" என்றார். அவர் ஷூ பக்கத்துக்காரர், டேனரிக்குள் கால் வைத்ததில்லை, அதனால் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

இம்ரான் டாக்சி பிடித்து எங்களைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு நேராக பானெட்டுக்குள் தலையை விட்டான். "அம்மி, இன்னா இது, ரோஸ் மில்க் ஊத்தி வச்சிருக்கீங்க?" என்றான். டாக்சிக்காரரும் வந்து பார்த்துச் சிரித்தார். ஆபாவும் சிரித்தார். "எண்ணெ போட்டது நான்தான்டா. ஜாஸ்தி ஆயிடுச்சு. என் தப்பு" என்றார். வாயைத் திறக்க வேண்டியவள் நான். திறக்கவில்லை. வண்டியை இழுத்து வர ஆள் சொல்லிவிட்டு, ஃபில்டரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு டாக்சியில் கிளம்பினோம்; வீடு வரும் வரைக்கும் என் மடியில் இருந்த இம்ரானின் பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தேன்.

பந்தயம் பந்தயம்தான் என்று பத்தே நாளில் காரை விற்றுவிட்டார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், ஆபாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்த கதையை வைத்து மாலா, "வாங்க ரோஸ் மில்க் ஆபா" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெயர் லைனுக்குப் போனது, கேன்டீனுக்குப் போனது, பிரிவுபசார விழாவில் மேனேஜரின் மைக்கில்கூட வந்தது. அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நானும் சிரித்தேன். கைகூடத் தட்டினேன். ஒரு நாள் பஸ்ஸில் பள்ளிகொண்டா வந்தபோது, "வண்டி இல்லாதது கஷ்டமா இல்லையா ஆபா?" என்று கேட்டேன். கேட்கவே தைரியம் வர மூன்று மாதம் ஆகியிருந்தது. "டீதான் இல்ல" என்றார். பிறகு எழுந்து, "இந்தா, நீ ஜன்னல் பக்கம் உக்காரு. உனக்குக் காத்து இல்லன்னா தலைசுத்தும்" என்று இடம் மாறினார். ஓய்வு பெறும் வரை தினமும் ஜன்னல் ஓரம் எனக்குத்தான்.

அவர் இறந்த மூன்றாம் நாள் ஓதுகிற ஜியாரத்துக்குப் போனேன். அடக்கத்துக்கு வந்து சேர முடியாமல் மறுநாள்தான் வந்த இம்ரான், அழுது வீங்கிய கண்களோடு அம்மாவின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தான். அவர் துணிமணிகளை உறவுக்காரப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே அந்த ஃபில்டர். சுத்தமாகக் கழுவி, காயவைத்து, மடிப்புக்கு மடிப்பு நியூஸ் பேப்பர் கிழித்து வைத்திருந்தது. ஏற்றுமதிக்குப் போகிற ஷூவுக்குள் காகிதம் வைப்பார்களே, அதே கைவேலை. துணியின் ஒரு மடிப்பில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இதை இன்னா பண்றதுன்னே தெரியல ஆன்ட்டி" என்றான் இம்ரான். "வண்டி நின்ன அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மி இதைத்தான் முதல்ல கழுவினாங்க. தண்ணி பட்டுப் பட்டு பாலா வருது. 'இது கடை எண்ணெ இல்லடா, டேனரி எண்ணெ. எங்க வாப்பா டிரம் வேலைக்குப் போய்ட்டு வந்தா சட்டையைத் தொவைக்கும்போது இப்படித்தான் பாலா போகும், இதே வாசனைதான்'னாங்க. அப்போ வண்டி மேல தப்பு இல்லையே, எண்ணெ மேலதானே தப்பு, வண்டியை விக்க வேணாம் அம்மின்னு நானே சொன்னேன். கேக்கவே இல்ல. 'வண்டியை வச்சிக்கிட்டா, எண்ணெதான் தப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும். சொன்னா, எண்ணெ யார் குடுத்ததுன்னு கேப்பாங்க. வேணாம், வித்துடு'ன்னாங்க. யாருன்னு நானும் கேட்டேன். என்கிட்டயே சொல்லல. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

வீடு நிறைய ஆட்கள். உள்ளறையில் யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடமாக நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. இரண்டு வார்த்தைதான் வந்தது.

"நான்தான், இம்ரான்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் அந்தக் கவரை மடித்து, என் கையில் வைத்தான். "அப்போ இது உங்களோடதுதான் ஆன்ட்டி" என்றான்.

இப்போது அது என் லேப் மேசையில், கண்ணாடி டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தப்பு இருந்த இடத்தைத்தான் காட்டுகிறது. அதற்குப் பக்கத்தில் எழுத எவ்வளவோ இடம் இருந்தும் அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பள்ளிகொண்டா டீயை விட்டார், கணவரின் வண்டியை விட்டார், மகன் மாட்ட ஆசைப்பட்டு அவரே மாட்டிய சாமானை விட்டார், ஒரு கேலிப் பெயரைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, அவரோடு பேசாமல் போய்விடக் கூடாது என்பதற்காக மட்டும். ஆபா, நீங்கள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இல்லை, பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஃபில்டரும் இந்த அம்பும். அதோடு இன்னொன்றும் வேண்டும். தோழிகளே, ரோஸ் மில்க் என்ற பெயரை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். அது முதலிலிருந்தே என்னுடையது. நாளைக் காலை பஸ்ஸில் நான் ஏறும்போது, யாராவது ஒருத்தி அதைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.